சிலி நாட்டுச் சாக்குத் துணிப் படங்கள்: எங்கள் பங்கு மண்டபத்தில் இப்படிச் செய்யலாமா?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கில் பெண்கள் தையல் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு மத்தியானம் பங்கு மண்டபத்தின் பின்னறையில் கூடுவோம். வருகிறவர்கள் எல்லோருமே பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். செக்கிங், மடிப்பு, ஒன்றிரண்டு பேர் டெய்லர். கிறிஸ்தவர்கள் மட்டும் என்றில்லை, அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களும் வருவார்கள். இதுவரை பை, தலையணை உறை, பீடத் துணி என்றுதான் தைத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் எங்களைப் பார்க்க வந்த ஒரு சிஸ்டர் தன் போனில் சில படங்களைக் காட்டினார். சிலி நாட்டில் ராணுவ ஆட்சி நடந்தபோது பெண்கள் சாக்குத் துணியில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்த படங்களாம். அர்பியேரா என்று பெயர் சொன்னார். சின்னச் சின்னப் பொம்மைகள், மலை, சூரியன், அடுப்பில் பெரிய சட்டி. பார்ப்பதற்குக் குழந்தைகள் புத்தகம் மாதிரி இருந்தது. கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒரு பொம்மையை இரண்டு சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் குழு அன்றைக்கு ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வருகிற தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்), இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதைத் தலங்களுக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த வாழ்க்கையைத் துணியில் தைத்து வைக்கலாம் என்று பெண்களே சொல்கிறார்கள். ஒரு அக்கா, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த வேன் கவிழ்ந்ததைத் தைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவருக்கு விடுதி அறை. இன்னொருவருக்கு, மகளைத் தாத்தா பாட்டியிடம் ஊரில் விட்டுவிட்டு பஸ் ஏறுவது.

பங்குப் பேரவையில் இரண்டு பேர் இதற்குச் சம்மதிக்கவில்லை. ஆலய வளாகத்தில் பக்திப் படம் வைக்கலாம், இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். ஃபாதர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு நடுவில், எங்களிடம் பை வாங்கும் ஒருவர், படங்கள் சந்தோஷமாக இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். காசு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எங்கள் பெண்கள் இல்லை.

சிலியில் திருச்சபை இதற்குள் எப்படி வந்தது? யார் என்ன தைப்பது என்று எப்படி முடிவு செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்களிடம் மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் இருக்கிறது, அதை வைத்தே செய்ய முடியுமா என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.


பெல்ஃபாஸ்ட்_நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, இந்தக் கேள்வியைப் பார்த்ததும் டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன், முடியவில்லை. இப்போது வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். வேலைக்காக வட அயர்லாந்துக்கு வந்தவள். சிலியிலிருந்து வந்து இங்கே குடியேறிய ரொபெர்ட்டா பாசிக் என்ற அம்மா, போரும் வன்முறையும் பார்த்த பல நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட துணிகளைச் சேகரித்திருக்கிறார். 2008-ல் டெர்ரி நகரில் ஒரு கண்காட்சியாகத் தொடங்கியது, பெரிய தொகுப்பாக வளர்ந்துவிட்டது. அதிலிருந்து சில துணிகளை இங்கே உல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் வைத்தபோது நேரில் பார்த்தேன். அதற்கப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன்.

முதலில் திருச்சபை எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பேரவையில் அந்தக் கேள்விதான் நிற்கிறது. 1973 செப்டம்பர் 11 அன்று ஜெனரல் பினோசே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தொழிற்சங்கங்களையும் கட்சிகளையும் முடக்கியாகிவிட்டது, நாடாளுமன்றம் கலைந்துவிட்டது. ஒரு தாய் தன் மகன் எங்கே என்று கேட்க வேண்டுமானால் போவதற்கு இடமில்லை. அக்டோபர் மாதமே கத்தோலிக்கர்கள், லூத்தரன்கள், மெதடிஸ்டுகள், யூதர்கள் எல்லோரும் கைகோத்து அமைதிக்கான ஒத்துழைப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் முன்னணியில் நின்றவர்கள் இருவர்: லூத்தரன் ஆயர் ஹெல்முட் ஃப்ரென்ஸ், கத்தோலிக்கத் துணை ஆயர் ஃபெர்னாண்டோ அரிஸ்தியா. பெண்கள் அந்த அலுவலகத்துக்கு வந்தார்கள். மனு எழுதிக் கொடுக்க வழக்கறிஞர்கள் இருந்தார்கள். சிறை, ஆஸ்பத்திரி, பிணவறை என்று அலைந்துவிட்டு வந்து அங்கே வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தவள்.

1974-ல் அங்கேதான் முதல் தையல் குழு. அந்த ஒத்துழைப்புக் குழுவில் வேலை பார்த்த வலென்டினா போன் என்ற ஓவியர் உதவினார். வந்த பெண்களுக்கு இரண்டு கஷ்டம். வீட்டு ஆண் காணாமல் போயிருந்தான், அல்லது வேலையிலிருந்து துரத்தப்பட்டிருந்தான், அதனால் சாப்பாட்டுக்கு வழியில்லை. அதோடு, நடந்ததை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. இந்த இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்த வழிதான் இந்தத் தையல். சாக்கைத் துவைத்து வெட்டி, பழைய துணியை ஒட்டுப் போட்டு, நடந்ததைத் தைத்தார்கள்.

1975 கடைசியில் பினோசேயின் நெருக்கடியால் அந்த ஒத்துழைப்புக் குழுவை மூட வேண்டிவந்தது. ஃப்ரென்ஸ் அதற்கு முன்பே நாட்டுக்குள் திரும்ப வரக் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்தார். தலைநகர் சாந்தியாகோவின் பேராயர் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? 1976 ஜனவரி முதல் நாளிலிருந்து மறைமாவட்டத்தின் சொந்த உறுப்பாகவே ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தினார். விக்காரியா தே லா சோலிதாரிதாத், அதாவது தோழமைக்கான பேராயர் பதிலாளர் அலுவலகம். தனிக் குழுவாக இருந்தால் அரசு மூடிவிடும். மறைமாவட்டத்தின் அங்கமாக இருந்தால் திருச்சபை மீதே கை வைக்க வேண்டும். நகரின் நடு மைதானத்தில், பேராலயத்தை ஒட்டிய கட்டடத்தில் அதற்கு இடம் கொடுத்தார். உங்கள் பேரவையில் ஆலய வளாகம் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பேராலயத்தின் பக்கத்துச் சுவர்தான் அந்தப் பெண்களைக் காப்பாற்றியது.

இதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. அந்த அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்த்துவந்த ஹோசே மனுவேல் பரதாவை 1985 மார்ச்சில் கடத்திக்கொண்டு போய், இன்னும் இரண்டு பேரோடு கழுத்தை அறுத்துக் கொன்றார்கள். செய்தவர்கள் போலீஸ்காரர்கள். அப்படியும் அலுவலகம் மூடவில்லை. ஜனநாயகம் திரும்பி வந்த பிறகு 1992-ல்தான் மூடினார்கள்.

இனி துணிக்கு வருகிறேன். நான் அதிக நேரம் நின்று பார்த்த ஒரு துணியைச் சொல்கிறேன். ஒன்றரை அடி அகலம் இருக்கும். மேலே ஆண்டிஸ் மலை, பழுப்பும் ஊதாவுமாக நாலைந்து துண்டு. மலைக்கு மேலே மஞ்சள் சூரியன், கதிர்கள் எல்லாம் கம்பளி நூல். அதற்குக் கீழே வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு பூப்போட்ட துணி. யாரோ போட்டிருந்த சட்டை என்று பார்த்தாலே தெரிகிறது, ஒரு வீட்டுச் சுவரில் பட்டன் துளை அப்படியே இருந்தது. நடுவில் தெருவில் அடுப்பு, அதன் மேல் வெள்ளித் தாளில் செய்த சட்டி. சுற்றிலும் பெண்கள். அவர்கள் துணிப் படமில்லை, நிஜப் பொம்மைகள். சுண்டுவிரல் நீளம், உள்ளே பஞ்சு அடைத்த தலை, கறுப்பு நூலில் பின்னல். கை தனியாக ஆடுகிறது. ஒருத்தி கையில் தீக்குச்சியால் ஆன கரண்டி. நாலு ஓரமும் சிவப்புக் கம்பளியில் குரோஷா. பின்பக்கம் திருப்பிக் காட்டினார்கள்: சின்னதாக ஒரு பை தைத்து, அதற்குள் மடித்த காகிதம் வைக்கும் வழக்கம் இருந்ததாம். படத்தில் இருப்பது என்ன என்று தைத்தவளே இரண்டு வரி எழுதி வைப்பாள். பெயர் போட மாட்டாள்.

அந்தச் சட்டி பொதுச் சமையல் சட்டி. வேலையில்லாத குடும்பங்கள் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து போட்டு ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். பல இடங்களில் பங்குக் கோயில் வளாகத்தில்தான் அடுப்பு எரிந்தது. இந்தத் துணிகளில் புனிதர்கள் படத்தை நான் அதிகம் பார்க்கவில்லை. கோயில் வரும், சிலுவை வைத்த ஒரு கட்டடமாக, அதன் வாசலில் குழந்தைகள் தட்டோடு நிற்பார்கள். இந்தப் பெண்களுக்கு விசுவாசம் என்பது அந்த வாசல் திறந்திருந்ததுதான் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாத் துணியும் சாப்பாட்டைப் பற்றியது இல்லை. சாந்தியாகோவுக்குப் பக்கத்தில் லொன்கேன் என்ற ஊரில் பழைய சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. 1978 கடைசியில் திருச்சபைக்கு வந்த ஒரு தகவலைத் தொடர்ந்து அங்கே தேடியபோது 15 ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. 1973 அக்டோபரில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்கள். அதுவரை அரசு, காணாமல் போனவர்கள் என்று யாருமே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு மக்கள் அங்கே திருப்பயணமாகப் போனார்கள். 1980-ல் சூளைகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கட்டடம் போய்விட்டது, ஆனால் பெண்கள் அந்தச் சூளைகளைத் துணியில் தைத்து வைத்திருந்தார்கள். மூடிய நாடாளுமன்ற வாசலில் தாய்மார்கள் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டதையும் தைத்திருக்கிறார்கள். அதில் சங்கிலிக்குச் சங்கிலித் தையலே போட்டிருந்தார்கள்.

நாட்டுக்குள் இவற்றை வெளிப்படையாக விற்க முடியாது. விக்காரியா துணிகளை வாங்கிப் பெண்களுக்குக் காசு கொடுத்தது, வெளிநாட்டுத் திருச்சபைகள் வழியாகவும் நாடு கடந்து வாழ்ந்த சிலிக்காரர்கள் வழியாகவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது. அரசு ஆதரவுப் பத்திரிகைகள் இவற்றை நாட்டை அவதூறு செய்யும் துணிகள் என்று எழுதின.

யார் என்ன தைப்பது என்று கேட்டீர்கள். குழுவாக உட்கார்ந்து அந்த வாரம் நடந்ததைப் பேசுவார்கள். பேச்சிலிருந்து விஷயம் வரும். அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் துணியைத் தன் விருப்பப்படி தைப்பாள். முடித்ததும் குழுப் பெண்களே தையல் உறுதியாக இருக்கிறதா, படம் புரிகிறதா என்று பார்ப்பார்கள். விற்ற காசில் ஒரு பங்கு பொது நிதிக்கு, யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் எடுத்துக்கொடுக்க.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. திருச்சபை அறை கொடுத்தது, துணி கொடுத்தது, காசு கொடுத்தது, வெளியே அனுப்ப வழி செய்தது. எதைத் தைக்க வேண்டும் என்பது பெண்களிடமே இருந்தவரை அந்தத் துணிகளுக்கு உயிர் இருந்தது. உங்கள் ஃபாதரிடம் கேட்க வேண்டியதும் இவ்வளவுதான்: அறையும் சாவியும். படத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள்.


பழைய_ஓவிய_மாணவன் எழுதியது:

மேலே எழுதிய சகோதரியின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். இது சாட்சியம், கைவினை, வாழ்வாதாரம், எல்லாம் சரி. நவீனக் கலை என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இருக்கிறது. கலை என்றால் வடிவத்தில் ஒரு தேடல் வேண்டும். ஒரே மலை, ஒரே சூரியன், ஒரே சட்டி என்று ஆயிரக்கணக்கில் வந்தால் அது உற்பத்தி.

இன்னொன்று, சகோதரி சொன்ன மாதிரி அந்தத் துணிகள் கடைசிவரை பெண்கள் கையில் இருக்கவில்லை. எண்பதுகளில் வெளிநாட்டில் வாங்குபவர்களின் ருசிக்கேற்ப சாந்தமான காட்சிகள் கூடின. அறுவடை, சந்தை, பள்ளிக்கூடம், வண்ணமயமான கிராமம். ரொம்பக் காட்டமான படங்களைத் தவிர்க்கும்படி, துணிகளை வாங்கிய விக்காரியா அலுவலகமே சொன்னதாக ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ராணுவ ஆட்சி போன பிறகு அவை சுற்றுலாக் கடைப் பொருளாகவும் ஆகிவிட்டன. திருப்பூரில் கேள்வி கேட்ட தங்கைக்கு முதல் துணி தைக்கும் முன்பே அந்த வியாபாரி வந்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.


பெல்ஃபாஸ்ட்_நர்ஸ் எழுதியது:

தம்பி, இரண்டாவதாகச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அது நடந்ததுதான், தங்கச்சிக்கு மிகவும் தேவையான எச்சரிக்கையும் அதுதான். அதனால்தான் பெண்களிடமே இருந்தவரை என்று எழுதினேன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதல் விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. சிலியில் சாக்குத் துணியில் படம் தைப்பது இந்தப் பெண்களிடம் தொடங்கியதும் இல்லை. சிலியின் நாட்டுப்புறப் பாடகி வியோலெட்டா பார்ரா கம்பளி நூலால் சாக்குத் துணியில் தைத்த பெரிய படங்களை 1964-லேயே பாரீசில் லூவ்ர் கட்டடத்தின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள். இஸ்லா நெக்ரா என்ற கடற்கரை ஊர்ப் பெண்களின் தையல் படங்களும் ராணுவ ஆட்சிக்கு முன்பே பேர் பெற்றவை. ஆக, அந்த மண்ணில் அது ஏற்கெனவே கலையாக நின்ற ஒன்று.

வடிவத்தில் தேடல் இல்லை என்கிறீர்கள். சட்டை பட்டன் துளையோடு வீட்டுச் சுவர் ஆவது என்ன? காணாமல் போன கணவனின் சட்டையையே வெட்டி அவன் பொம்மைக்கு உடுப்பாகத் தைத்தவர்கள் இருக்கிறார்கள். சிலர் தங்கள் தலைமுடியையே பொம்மைக்கு வைத்துத் தைத்தார்கள். பொருளே சாட்சியாக நிற்கிற இந்த யோசனைக்கு இன்றைக்கு அருங்காட்சியகங்களில் எவ்வளவோ மரியாதை இருக்கிறது. இந்தப் பெண்கள் அதைத் தேவையிலிருந்து கண்டுபிடித்தார்கள். ஒரே மலை திரும்பத் திரும்ப வருவதையும் குறையாகப் பார்க்காதீர்கள். நம் ஊர்க் கோயில் தேர்ச்சீலைகளில் ஒரே உருவம் எத்தனை முறை வருகிறது, அதைக் கலை இல்லை என்று சொல்வோமா? சாந்தியாகோவில் எந்தத் தெருவில் நின்றாலும் கிழக்கே ஆண்டிஸ் தெரியும். இது இங்கே, இந்த ஊரில் நடந்தது என்பதற்கு அந்த மலைதான் கையெழுத்து.

1977 தொடக்கத்தில் சாந்தியாகோவில் பவுலினா வா என்பவரின் ஓவியக்கூடம் இந்தத் துணிகளைக் காட்சிக்கு வைத்தது. அந்த இடத்துக்குத் தீ வைத்தார்கள், அங்கிருந்த படைப்புகள் எரிந்துபோயின. 2010-ல் சாந்தியாகோவில் திறந்த நினைவு மற்றும் மனித உரிமைகள் அருங்காட்சியகத்தில் இன்று அர்பியேராக்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

சரி, அந்த வியாபாரி விஷயம். தங்கச்சி, காசு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சிலிப் பெண்களும் காசுக்காகத்தான் முதலில் வந்தார்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டையும் பிரித்து வையுங்கள். அவருக்கு வேண்டியது பையும் பூ வேலையும் என்றால் அதைத் தைத்துக் கொடுங்கள், நல்ல விலை கேளுங்கள். தவக்காலத்துக்குத் தைக்கும் துணிகள் விற்பனைக்கு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேன் கவிழ்ந்ததைத் தைக்க நினைக்கும் அக்காவின் மனதில், இது சந்தோஷமாக இருக்கிறதா என்ற கேள்வி நுழையவே கூடாது.


வடமராட்சி எழுதியது:

வணக்கம். இதை வாசிக்கேக்க எங்கட ஆக்களின்ர நினைவுதான் வந்தது, அதால எழுதுறன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்பாகத்தான் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினவை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அம்மாமார் அப்படியே கொட்டில் போட்டு இருந்தவை. பிள்ளையின்ர படத்தை நெஞ்சில பிடிச்சுக்கொண்டு. எங்கே என்று கேட்டுக் கேட்டே கனபேர் செத்தும் போச்சினம்.

சிலித் தாய்மார் தங்கட பிள்ளையின்ர படத்தை உடுப்பில குத்திக்கொண்டு, எங்கே அவர்கள் என்று எழுதின பதாகையோட நிக்கிறதை நானும் படங்களில பார்த்திருக்கிறன். அதே கேள்வி, அதே மாதிரி நெஞ்சில படம். பெல்ஃபாஸ்ட் அக்கா, சிலியில இப்ப என்ன நிலை? ஆராவது திரும்பக் கிடைச்சினமோ? அதைச் சொன்னால் நல்லது.


பெல்ஃபாஸ்ட்_நர்ஸ் எழுதியது:

உயிரோடு யாரும் கிடைக்கவில்லை, வடமராட்சி. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆட்சி மாறிய பிறகு உண்மை அறியும் ஆணையம் 1991-ல் அறிக்கை கொடுத்தது. பெண்களின் துணிகள் சொன்னதை அரசே காகிதத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான். விக்காரியா வழக்குவாரியாகச் சேர்த்து வைத்த கோப்புகள் அந்த ஆணையத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் பெரிய உதவி. சில குடும்பங்களுக்கு எலும்புகள் கிடைத்தன. 2023 ஆகஸ்ட் 30 அன்று அரசே தேடும் பொறுப்பை ஏற்று ஒரு தேசியத் தேடல் திட்டத்தை அறிவித்தது, 1,469 பேருக்காக. அரசு தேட வருவதற்கு ஐம்பது ஆண்டு ஆயிற்று. அதுவரை தேடியது அந்தப் பெண்கள்தான்.

1978 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று சாந்தியாகோவில் ஒரு அரங்கில் அவர்கள் குவேக்கா ஆடினார்கள். அது சிலியின் நாட்டு நடனம், ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது. இவர்கள் தனியாக ஆடினார்கள், எதிரே யாரும் இல்லாமல். அதையும் துணியில் தைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, கையில் கைக்குட்டை, பக்கத்தில் வெறும் சாக்கு. அங்கே வேறு ஒன்றையும் தைத்து நிரப்பவில்லை.

உங்கள் ஊர் அம்மாமாரும் இப்படி எதையாவது செய்கிறார்களா என்று தெரிந்தால் எழுதுங்கள். நான் இங்கே பலரிடம் காட்ட விரும்புகிறேன்.


நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெல்ஃபாஸ்ட் அக்கா எழுதியதை ஞாயிற்றுக்கிழமை குழுவில் வாசித்துக் காட்டினேன். வடமராட்சி எழுதியதையும் வாசித்தேன், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தனியாக ஆடுகிற துணியைப் பற்றி மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

பேராலயத்துக் கட்டடத்திலேயே கர்தினால் இடம் கொடுத்தார் என்பதை ஃபாதரிடம் சொன்னேன். பின்னறைச் சாவியைக் குழுவிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காட்சிக்கு வைப்பதைப் பற்றிப் பேரவையில் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். மறுத்த இருவரில் ஒருவர் வந்து பெண்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போனார், சம்மதமா இல்லையா என்று சொல்லவில்லை. வியாபாரியிடம் பை மட்டும்தான் என்று சொல்லியாயிற்று.

இப்போது வேலை தொடங்க வேண்டும். கட்டிங் வேஸ்ட் முழுக்கப் பனியன் துணிதான். வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்கிறது, ஊசி போட்டால் இழுபடுகிறது. ஓவர்லாக் நூல் கோன் கோனாக இருக்கிறது, அதைக் கைத்தையலுக்கு எடுக்கலாமா? இன்னொரு சந்தேகம், வேன் படத்தைத் தைக்கும் அக்காவுக்குக் கம்பெனியில் தெரிந்தால் வேலைக்குப் பிரச்சினை வருமோ என்று பயம் இருக்கிறது.


பெல்ஃபாஸ்ட்_நர்ஸ் எழுதியது:

சாவி கிடைத்ததே பெரிய சந்தோஷம். பேரவைக்காரரையும் மறுபடி கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்தாரே, அது நல்லது.

பயத்திலிருந்து தொடங்குகிறேன். அது நியாயமான பயம், அதைத் தள்ளிவிடாதீர்கள். துணியில் யாருடைய பெயரும் வேண்டாம். சிலியில் பெரும்பாலான துணிகளில் கையெழுத்து இல்லாததற்குக் காரணம் இதுதான். வேனில் எண்ணோ எழுத்தோ தைக்க வேண்டாம். கட்டிங் வேஸ்டில் லேபிள், பிரிண்ட் இருக்கும் துண்டு வந்தால் ஒதுக்கிவிடுங்கள், எந்தக் கம்பெனித் துணி என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். யார் எதைத் தைத்தார்கள் என்று வெளியே சொல்லாமல் குழுவின் துணி என்று வையுங்கள். பின்னால் காகிதம் வைக்கும் பை தைப்பதானால் எல்லோருடைய காகிதத்தையும் ஒருவரே எழுதட்டும். அதற்கும் மேலே அந்த அக்காவுக்கு மனம் வராவிட்டால், தைத்து வீட்டில் வைத்துக்கொள்ளட்டும், காட்சிக்கு வராவிட்டால் ஒன்றும் இல்லை. போனில் படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

துணிக்கு வருவோம். பனியன் துணியை அடித்துணியாகப் போடாதீர்கள், தொங்கிவிடும். அடியில் சணல் சாக்கு போடுங்கள், அரிசி மண்டியில் பழைய கோணி கிடைக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு தரம் அலசி வெயிலில் காயவையுங்கள், வாடையும் தூசும் போகும். சாக்கு முரடாக இருந்தால் காடா துணி போதும். பின்பக்கம் பழைய புடவையை லைனிங்காக வைத்துவிட்டால் தையல் பிரியாது. வீடு, மலை, சாலை இதற்கெல்லாம் வேட்டி, சட்டை, பாவாடைத் துணி மாதிரி நெய்த துணி வேண்டும். வீடுகளிலிருந்து பழசைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பனியன் துணி பொம்மைக்கு அருமையாக இருக்கும். இழுபடுகிற குணம்தான் அங்கே வேண்டும், தலை உருண்டையாக வரும். உள்ளே அடைக்கப் பொடி வேஸ்ட். சுருளும் ஓரத்தை உள்ளே மடித்துக் காஜா தையல் போட்டால் அடங்கிவிடும். ஓவர்லாக் நூல் ஒற்றையாக நிற்காது, நான்கு இழை சேர்த்து மெழுகில் ஒரு தரம் இழுத்துவிட்டுத் தையுங்கள். ஓரத்துக்கு மட்டும் கம்பளி நூல் கொஞ்சம் காசு கொடுத்து வாங்குங்கள்.

முதல் துணியைப் பெரிதாக எடுக்க வேண்டாம், ஒரு முழ அகலம் போதும். பென்சிலால் வரைந்து கொடுக்காதீர்கள், வரையத் தெரியாது என்று ஒதுங்குகிறவர்கள் துணியை வெட்டி வைத்து நகர்த்திப் பார்க்கத் தயங்க மாட்டார்கள். இடம் சரியென்று பட்டதும் குண்டூசி குத்தி, ஓட்டுத் தையல் போட்டுவிட்டு, அப்புறம் காஜா. பொம்மைகள் கடைசியில்.

கண்ணுக்குச் சிரமமில்லாத வெளிச்சம் இருக்கிறதா அந்தப் பின்னறையில்? நாள் முழுக்கச் செக்கிங்கில் கண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். ஃபாதரிடம் இன்னொரு ட்யூப்லைட்டும் கேட்டுவிடுங்கள்.